துடைப்பத்தைக் கீழே வையுங்கள்: வீட்டில் கல்நார்த் தூசி பறந்தால்

முப்பது ஆண்டுகளாக மின்வேலை பார்க்கிறேன். கூரையிலோ சுவரிலோ துளை போடாமல் கழிந்த வேலைநாள் அரிது. மரமா, செங்கல்லா, சிமெண்டா என்று பார்ப்பேன். அதுவும் டிரில்லுக்கு எந்தப் பிட்டை மாட்டுவது என்பதற்காகத்தான். மேலேயிருந்து என் முகத்தில் கொட்டுகிற தூள் எதனுடையது என்று முதல் பதினைந்து ஆண்டுகள் நான் கேட்டதே இல்லை.

கேட்கவைத்தது என் சொந்த வீடு. பின்பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் ஓர் அறை இருக்கிறது. அதன் உட்கூரையில் சாம்பல் நிற அட்டைகள் அடித்திருந்தன. விளக்கு மாட்டுவதற்காக நான்கு துளைகள் போட்டேன். மூன்றாவது துளையில் ஓரம் பெயர்ந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கீழே விழுந்தது. துளைக்குள் தூள் அடைத்துக்கொண்டிருக்கவே வாயால் ஊதினேன். உதவிக்கு வந்திருந்த பையன், "நான் கூட்டிவிடுகிறேன் அண்ணா" என்று உலர்ந்த துடைப்பத்தால் தரையைக் கூட்டினான். நான் ஏணியிலிருந்து இறங்கி, சட்டையைத் தட்டி உதறிவிட்டு, அதே சட்டையோடு போய் மகளைத் தூக்கினேன். மாலையில் அந்தச் சட்டை வீட்டுத் துணிகளோடு சேர்ந்து வாளியில் ஊறியது. ஊதியது, கூட்டியது, உதறியது, தூக்கியது, ஊறவைத்தது என்று செய்யக்கூடாத ஐந்தையும் ஒன்று விடாமல் ஒரே நாளில் செய்து முடித்தோம்.

மறுநாள் அந்த உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். (வெறுங்கையால்தான், புத்தி இன்னும் வரவில்லை.) சிமெண்ட் உடைந்தால் விளிம்பு மொரமொரவென்று உதிரும். இது அப்படி இல்லை. பிரிந்த கயிற்றின் நுனியைப் போல, நரைத்த முடியிழைகள் விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. கல்லில் ஏது நார் என்று யோசித்த அதே நொடியில் 'கல்நார்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் எனக்கு ஒரு கூரையின் பெயராகத்தான் இருந்தது. நம் மொழியில் வைத்த பெயரோ அது என்ன என்பதையே சொல்லிவிடுகிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வெள்ளைக் கல்நார், அதாவது கிரைசோடைல், என்று முடிவு வந்தது.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்ததையும், முறையாக அகற்றும் ஆட்களோடு வேலை செய்யும்போது பார்த்துக் கற்றதையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஏணி மேல் நிற்பவன் எழுதும் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

கல்நார் என்பது ஒரே பொருள் அல்ல. ஆறு வகைக் கனிமங்களுக்குப் பொதுப்பெயர். வீடுகளில் அதிகம் இருப்பது வெள்ளை. பழைய கட்டடங்களில் பழுப்பு வகையான அமோசைட்டும் நீல வகையான குரோசிடோலைட்டும் கிடைக்கும். எரியாது, மக்காது, இழுத்தால் அறாது, விலையும் மலிவு. இத்தனை நல்ல குணங்கள் இருந்ததால்தான் இருபதாம் நூற்றாண்டில் கட்டடத்தின் எல்லா மூலையிலும் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். மக்காத அந்தக் குணம் நுரையீரலுக்குள்ளும் மாறுவதில்லை. இழை உடையும்போது குறுக்கே ஒடியாமல், விறகு பிளப்பதைப் போல நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெல்லியதாகும். ஆபத்தானவை பெரும்பாலும் 3 மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டவை. ஒரு தலைமுடியின் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுதாக விழுங்கி வெளியேற்றவும் முடியாது.

ஆனால் அந்த இழை உள்ளே போவதற்கு முதலில் காற்றில் பறக்க வேண்டும். சிமெண்டோடு இறுகி, உடையாமல், பூச்சு உரியாமல் இருக்கும் தகடு தன் பாட்டுக்கு இழையை அள்ளி வீசுவதில்லை. வீட்டில் கல்நார் இருக்கிறது என்பது வேறு, கல்நாரை நீங்கள் சுவாசித்தீர்கள் என்பது வேறு. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால்தான் இனி சொல்லப்போவது பயன்படும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலான கேடு கல்நார் உடைந்ததால் வந்தது அல்ல. உடைந்த பிறகு பதறிப்போய்ச் சுத்தம் செய்ததால் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த விஷயத்தில் பழமொழிக்கு உரையே தேவையில்லை.

உடைந்துவிட்டது. இப்போது?

கையில் இருப்பதை நிறுத்துங்கள். துளை பாதியில் இருந்தால் பாதியிலேயே இருக்கட்டும். மின்விசிறி, ஏர் கண்டிஷனர், ஹீட்டர் என்று காற்றை அசைக்கும் எதுவாக இருந்தாலும் அணையுங்கள். மின்விசிறியை அணைக்க மறப்பவர்கள்தான் அதிகம். அது சுற்றிக்கொண்டிருப்பது நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே அனுப்புங்கள். நாயின் ரோமத்தில் ஒட்டிய தூசி வீடு முழுக்க நடந்துபோகும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி சில நிமிடங்களில் தரையில் படிந்துவிடும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கவலைப்பட வேண்டிய மெல்லிய இழைகள் அசையாத காற்றிலும் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில்கூட மிதக்கும். எனவே அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கதவின் கீழ் இடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிடலாம். மற்றவர்கள் உள்ளே போகாதபடி கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். வாயால் சொன்னால் போதாதா என்று நினைக்கலாம். போதாது; யாராவது ஒருவர் "என்ன ஆயிற்று?" என்று எட்டிப் பார்க்கக் கதவை விசிறித் திறப்பார்.

அறையிலிருந்து வருமுன் வாசலிலேயே காலணியைக் கழற்றுங்கள். தூசி பட்ட துணியை உதறக் கூடாது, தட்டக் கூடாது. தெளிப்பானில் தண்ணீர் இருந்தால் துணியின் மேல் லேசாகத் தெளித்து ஈரமாக்கிவிட்டுக் கழற்றுங்கள். தலைவழியாகக் கழற்றும் பனியன் போன்றவற்றைத் தூசி பட்ட வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, முகத்தில் உரசாமல் மெதுவாக உருவ வேண்டும். வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு தலைக்குக் குளியுங்கள். முடியிலும் புருவத்திலும் காதுமடலிலும் தூசி தங்கும். குளிப்பதற்கு முன் சாப்பிடுவதும், புகைப்பதும், கண்ணைக் கசக்குவதும் வேண்டாம்.

அந்தத் துணியைத் துவைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிறையத் தூசி பட்டிருந்தால் என் பதில், துவைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்பதுதான். ஒரு சட்டைதானே போகிறது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1965இல் லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இருவர் மெசோதெலியோமா நோயாளிகளின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலும் வயிற்று உறையிலும் வரும் புற்றுநோய் அது. அந்த நோயாளிகளில் கல்நார்த் தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பெண்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது, வேலைவிட்டு வந்த கணவனின் உடுப்பைத் துவைத்தது மட்டும். அவர்கள் திரும்பத் திரும்பத் துவைத்தவர்கள்; உங்கள் ஒரு சட்டையை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இதைப் படித்த அன்று, வாளியில் ஊறிய என் சட்டையை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்டுவதும் உறிஞ்சுவதும்

உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது. தரையில் படிந்து அடங்கிய இழையை மூக்கின் உயரத்துக்கு மறுபடி எழுப்பிவிடுவது அதுதான். வீட்டு வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம்: முன்பக்கம் தூசியை உறிஞ்சி, மெல்லிய இழைகளைப் பையின் வழியே பின்பக்கம் ஊதிவிடும். கருவியும் கெட்டுப்போகும். அதைத் திறந்து பையை மாற்றும் நாளில் இன்னொரு தூசிப் புயல் காத்திருக்கும். கல்நாருக்கென்று தயாரிக்கப்படும் உறிஞ்சிகள் இருக்கின்றன. அவற்றில் மிக மெல்லிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டியும் கசிவில்லாத உடலும் இருக்கும். வீட்டு உபயோகக் கருவியின் அட்டைப்பெட்டியில் ஹெப்பா என்று அச்சிட்டிருப்பதை நம்பி இறங்காதீர்கள்.

எவ்வளவு தூசி, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்துத்தான் நீங்களே சுத்தம் செய்யலாமா என்பதை முடிவு செய்ய வேண்டும். ஓரிரண்டு துளை, விரிசல் விட்ட சிமெண்ட் அட்டையின் சில துண்டுகள் என்றால், உங்கள் நாட்டின் விதி அனுமதிக்குமானால், ஈரமுறையில் செய்யலாம். குழாயைச் சுற்றிய பஞ்சு போன்ற உறை, மேல்தளத்தில் தெளித்த பூச்சு, கையால் அழுத்தினாலே பொடியாகும் மென்பலகை ஆகியவை கலைந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு உரிமம் பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்கள். சிமெண்ட் தகட்டில் கல்நார் பெரும்பாலும் பத்து, பதினைந்து விழுக்காடுதான். அதுவும் சிமெண்டில் இறுகியிருக்கும். மேலே சொன்ன மென்பொருள்களிலோ பங்கும் அதிகம், பிடிப்பும் கிடையாது.

ஈரமுறை என்றால் இதுதான். தெளிப்பானில் தண்ணீரோடு சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீர் இழைகளின் மேல் முத்துமுத்தாக உருண்டுவிடும். சோப்பு கலந்தால்தான் ஊறும். பீய்ச்சக் கூடாது, பனி போல விழ வேண்டும். நனைந்த துண்டுகளை உடைக்காமல் எடுத்துக் கனமான பாலித்தீன் பையில் வையுங்கள். தரையை ஈரத்துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ஒரு முறை துடைத்தபின் துணியைத் தூசி உள்ளே இருக்கும்படி மடித்து அடுத்த பக்கத்தால் துடைக்க வேண்டும். பக்கங்கள் தீர்ந்ததும் அந்தத் துணி பைக்குள் போக வேண்டும். வாளியில் அலசி மறுபடி துடைத்தால் வாளித் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் இழை தங்கும். சன்னல் விளிம்பு, கதவின் மேல் சட்டம், விளக்கின் தலைப்பகுதி ஆகியவற்றை மறக்காதீர்கள். கம்பளமும் மெத்தையும் நிறையத் தூசி வாங்கியிருந்தால் வீட்டில் வைத்துச் சுத்தம் செய்ய வழி இல்லை. மூடாமல் இருந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள்.

முகக்கவசம்: துணியோ மருத்துவமனைக் கவசமோ எதற்கும் உதவாது. பி100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் அல்லது எஃப்எஃப்பி3 தரம் வேண்டும். அது முகத்தோடு படிந்து ஒட்ட வேண்டும் என்பதால் தாடி இருந்தால் பலன் இல்லை. நான் இருபது ஆண்டு வளர்த்த தாடியை இதற்காகத்தான் எடுத்தேன். வீட்டில் அதற்கு வந்த கிண்டல் வேறு கதை.

கட்டிய பைகளை வழக்கமான குப்பையில் போடக் கூடாது. எரிப்பதும் வீண், எரியாத பொருள் என்பதற்காகத்தானே அதைக் கட்டடத்தில் வைத்தார்கள். தீயில் போட்ட சிமெண்ட் தகடு பட்பட்டென்று வெடித்துச் சிதறும். தோட்டத்தில் புதைத்தால் அடுத்துத் தோண்டுபவர் தலையில் விடியும். உடைந்த தகட்டை நொறுக்கிப் பாதையில் பள்ளம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு காலடியும் அதை அரைத்துக்கொண்டே இருக்கும். எங்கே ஒப்படைப்பது என்பதை உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

உண்மையை இரண்டு பக்கமும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது. இதற்குக் கீழே போனால் பாதுகாப்பு என்று ஓர் அளவு நிறுவப்படவில்லை. வெள்ளை வகை சாது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இது ஒரு பக்கம்.

மறுபக்கம், நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்கள். சுவாசித்த மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஒரு பிற்பகல் நான்கு துளை போட்டதால் வரும் கூடுதல் ஆபத்து மிகச் சிறியது. நகரங்களின் காற்றிலேயே சிறிதளவு இழைகள் எப்போதும் இருக்கின்றன. நடந்துவிட்ட ஒரு நாளை நினைத்து வாழ்நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்; இரண்டாவது நாள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே எக்ஸ்ரே எடுக்க ஓடுபவர்கள் உண்டு. நானும் ஓடினேன். ஒன்றும் தெரியாது. இழை எக்ஸ்ரேயில் தெரியாது. அது உண்டாக்கும் தழும்பும் கட்டியும் தெரிய இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகலாம். அந்த மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே என்னிடம் கேட்ட கேள்வி: "சிகரெட் பிடிப்பீர்களா?" அப்போது கோபம் வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. 1979இல் அமெரிக்காவில் வெப்பக்காப்பு வேலை செய்த தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு பழக்கமும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நாரை மட்டும் சுவாசித்தவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகைப்பவருக்குச் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்குச் சுமார் 53 மடங்கு. கூட்டினால் பதினாறுதானே வரவேண்டும்? இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல். கல்நாரைச் சுவாசித்த பிறகு நம் கையில் இருக்கும் ஒரே பெரிய வைத்தியம் சிகரெட்டை நிறுத்துவது. நான் நிறுத்தினேன், மூன்றாவது முயற்சியில்.

மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு நேரம், என்ன பொருள், தூசி எவ்வளவு என்பதை நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் "எப்போதாவது கல்நார்?" என்று கேட்டால் நினைவு கைகொடுக்காது, தாள் கொடுக்கும். வேலையிடத்தில் ஆண்டுக்கணக்கில் புழங்கியவராக இருந்தாலோ, தொடர் இருமலும் மூச்சிரைப்பும் இருந்தாலோ, தாமதிக்காமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

அது கல்நார்தானா?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என் துண்டில் இழை நீட்டிக்கொண்டிருந்தது. பல பொருள்களில் அப்படித் தெரியாது. தெரிந்தாலும் அது கண்ணாடி இழையாகவோ தாவர நாராகவோ இருக்கலாம். நல்ல துப்பு, கட்டடத்தின் வயது. பிரிட்டன் 1999இலும், ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், கனடா 2018இலும் தடை செய்தன. அமெரிக்கா கிரைசோடைலைத் தடை செய்ய 2024 ஆயிற்று. தடையே இல்லாத நாடுகளும் இருக்கின்றன. அங்கே புது வீட்டையும் சந்தேகிக்க வேண்டும். தடை வந்த அன்றே கிடங்குகள் காலியாகிவிடவில்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

எங்கெல்லாம் இருக்கலாம்? நெளிவுக் கூரைத் தகடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதவை: உட்கூரை அட்டை, பழைய தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கிக் குழாய், மழைநீர்க் குழாய், பழைய வினைல் தரை ஓடு, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, கொப்புளம் கொப்புளமாகத் தெரியும் மேல்தளப் பூச்சு, அடுப்புக் கதவைச் சுற்றிய கயிறு. என் தொழிலில் இரண்டு இடங்கள்: பழைய சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு அல்லது சாம்பல் பலகை; பழைய பீங்கான் ஃபியூஸுக்குள் தீப்பொறி தாங்க வைத்த வெள்ளை நெசவுத் துண்டு. எத்தனை ஃபியூஸ்களில் அந்தத் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

உறுதி செய்ய ஆய்வகம்தான் வழி. முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். மாதிரி எடுக்க ஆள் அனுப்புவார்களா என்று முதலில் கேளுங்கள். சில நாடுகளில் அதற்கென்றே சான்று பெற்றவர் வேண்டும். நீங்களே எடுக்கலாம் என்றால், ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்திலிருந்து நகம் அளவு துண்டு போதும். கவசம் போட்டு, கீழே பாலித்தீன் விரித்து, அந்த இடத்தை நனைத்து, கத்தியால் மெதுவாக எடுங்கள். டிரில்லும் ரம்பமும் வேண்டாம். மாதிரியை இரட்டைப் பையில் போட்டுத் தேதியும் இடமும் எழுதி, எடுத்த இடத்தை வர்ணத்தாலோ ஒட்டுநாடாவாலோ மூடுங்கள். பொடியாகும் பொருளில் இதை முயலாதீர்கள். வெப்பக்காப்புக்காகப் பரண்மேல் கொட்டியிருக்கும் பொன்பழுப்பு நிற வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளையும் கிளறாதீர்கள். உலகச் சந்தைக்குப் போன வெர்மிகுலைட்டில் பெரும்பங்கு அமெரிக்காவின் மாண்டானாவில் லிப்பி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து போனது. அதில் கல்நார் கலந்திருந்தது. சுரங்கத்தை 1990இல் மூடினார்கள். கலப்பு சீராக இல்லாததால் ஒரு கைப்பிடி மாதிரியில் இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விட்டுவிடுவதுதான் முறை.

முடிவு வரும்வரை கல்நார் என்றே நடத்துங்கள்.

இருக்கிறது என்று வந்தால்

உடனே பிடுங்கி எறியத் தோன்றும். பொறுங்கள். நல்ல நிலையில் இருக்கும் தகட்டைப் பிடுங்குவது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. உடையாமல், உரசாமல், யாரும் ஆணி அடிக்காத இடத்தில் இருந்தால் அப்படியே விடலாம். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். லேசாகத் தேய்ந்திருந்தால் வர்ணம் பூசி மூடலாம். பூசும் முன் தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. வினைல் தரை ஓட்டின் மேல் புதுத் தரையை விரித்துவிடலாம். உடைந்தது, பொடியாவது, அல்லது நீங்கள் இடித்துக் கட்டப்போகும் பகுதியில் இருப்பது மட்டும் வெளியே போக வேண்டும்.

கூரைத் தகட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மழையும் காற்றும் பட்டுப் பட்டு மேற்பரப்பின் சிமெண்ட் கரைந்துபோக, இழைகள் தலைநீட்டும். பாசி படர்ந்திருக்கிறது என்று கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினாலோ அதை அப்படியே முற்றம் முழுக்க வாரி இறைத்ததாகும். இன்னொன்று, அதன் மேல் ஏறாதீர்கள். பழைய தகடு கால் வைத்தால் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும். கல்நார் நாற்பது ஆண்டு கழித்துக் கொல்லும் என்று பயந்து மேலே ஏறி, நாலு நொடியில் கீழே விழுந்து போனவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. புயலில் உடைந்த கூரையைச் சரிசெய்ய ஏறும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது.

அகற்ற வருபவரை எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஒருவரைக் கூப்பிட்டேன். தொலைபேசியில் நன்றாகத்தான் பேசினார். வந்தவர் கையில் ஒரு சுத்தியல். "உடைத்துச் சாக்கில் போட்டால் ஒரு மணி நேர வேலை" என்றார். வாசலிலேயே அனுப்பிவிட்டேன். இரண்டாவது வந்தவர் வேலையைத் தொடும் முன் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது: அறைக்கு எத்தனை கதவு, தண்ணீர் எங்கே கிடைக்கும், பைகளை எந்த வழியாக எடுத்துப் போவது. அறையைப் பாலித்தீனால் மூடி, தகடுகளை நனைத்து, திருகுகளைக் கழற்றி முழுதாக இறக்கினார்கள். ஒன்றுகூட உடையவில்லை. உரிமம், கழிவை எங்கே ஒப்படைத்தார்கள் என்பதற்கான சீட்டு, வேலை முடிந்தபின் அவர்களைச் சேராத வேறொருவர் எடுக்கும் காற்றுப் பரிசோதனை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். கல்நார் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்பவரும் அதை அகற்றிப் பணம் வாங்குபவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது. வாடகை வீடு என்றால் நீங்களாக எதையும் தொடாமல் வீட்டுக்காரருக்கு எழுத்தில், படத்தோடு சொல்லுங்கள்.

என் அறையில் உட்கூரை போயிற்று. சுவிட்ச் போர்டின் பின்பலகை இருக்கிறது. நல்ல நிலையில் இருப்பதால் விட்டுவிட்டேன். போர்டின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருக்கும்: "பின்பலகை கல்நார். துளை போடாதே. புது வயர் வேண்டுமானால் வலப்பக்கக் குழாய் காலியாக இருக்கிறது." இப்போது போகும் வீடுகளிலும் பழைய போர்டைத் திறந்தால் முதலில் மூடியின் உள்பக்கத்தைப் பார்க்கிறேன். இதுவரை எனக்காக யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. மூடும் முன் நான் எழுதிவிட்டு மூடுகிறேன்.